வெறுங்குழாய்

என் அறைக்குள் யாரும் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது. பவுடர் பூசிக்கொண்டு வரக் கூடாது. தலைவலித் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு, "மேரி, ஒரு நிமிஷம்" என்று வாசலில் தலையை நீட்டவும் கூடாது. மதுரையில் மல்லிகைப்பூவை உள்ளே விடாத ஒரே அறை என்னுடையதாகத்தான் இருக்கும். அதனால் என்னைத் தேடி யாரும் வருவதில்லை. வராவிட்டால் நல்லதாகப் போயிற்று என்று பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அந்தக் குழாய்களுக்காக. தொழிற்கூடங்களில் ஆட்கள் சுவாசிக்கிற காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் பரிசோதனைக் கூடத்தின் வேலை. காற்றை மூட்டை கட்டியா கொண்டுவர முடியும்? அதற்குத்தான் இந்தக் கண்ணாடிக் குழாய். விரல் நீளம், பென்சிலைவிட மெலிசு. உள்ளே தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்த கரி, குருணை குருணையாக. இரண்டு முனையும் உருக்கி அடைத்திருக்கும். முனைகளை உடைத்து, வேலை செய்கிற ஆளின் தோளருகே குழாயைக் குத்தி, ரப்பர் டியூபால் இடுப்பிலிருக்கும் சின்ன பம்போடு இணைத்துவிட்டால் போதும். பம்பு காற்றை இழுக்கும். காற்றில் உள்ள ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு இரண்டு முனையிலும் சிவப்பு மூடி மாட்டி, பெயர் ஒட்டி, ஆய்வு செய்கிற நாள்வரை பிரிட்ஜில் வைத்துக் காக்க வேண்டும்.

அது லேசுப்பட்ட காவல் இல்லை. கரிக்கு நல்லது கெட்டது தெரியாது. பக்கத்தில் எது ஆவியாகிறதோ அதையெல்லாம் வாரி வைத்துக்கொள்ளும். சூடு பட்டால் பிடித்ததை நழுவ விட்டுவிடும். அதனால் எங்கே போனாலும் கூடவே ஒரு வெறுங்குழாயும் எடுத்துப் போவோம். அதையும் உடைப்போம், ஆனால் பம்பில் மாட்டாமல் உடனே மூடிவிடுவோம். மற்றவை போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் போகும், அவற்றோடு பிரிட்ஜில் கிடக்கும். கடைசியில் அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால்தான் மற்றவை சொல்வதை நம்பலாம். ஊரெல்லாம் சுற்றிவிட்டு எதையும் வாங்கிக்கொள்ளாமல் திரும்பி வருவதுதான் அதன் உத்தியோகம். என் உத்தியோகமும் ஏறக்குறைய அதுதான் என்று சில நாட்கள் தோன்றும்.

பசுமலையில் ஒரு வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். காலையில் பஸ், மாலையில் பஸ். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சு. வாசனை சோப்பை நிறுத்தினேன், பவுடரை நிறுத்தினேன். பூ வைத்தால் மறுநாள்வரை தலைமுடியில் மணம் நிற்கிறதே என்று அதையும் நிறுத்தினேன். நிறுத்தியதும் எனக்கு ஏதோ துக்கம் நேர்ந்துவிட்டதாக ஊர் முடிவு கட்டியது. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் என்னைக் கண்டால் கையை இறக்கிக்கொள்வாள். என்ன துக்கம் என்று யாராவது கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. தலையில் வைத்த ஒரு முழம் பூ, மூடி போட்ட குழாயை ஒன்றும் செய்துவிடாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு வீம்பு. மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த அண்ணனும் ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். நானும் விட்டுவிட்டேன்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம், உசிலம்பட்டிச் சாலையில் ஒரு செருப்புக் கொட்டகைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனோம். நானும் எங்கள் அதிகாரி கிருபாகரனும். தகரக் கூரை, ஜன்னல் பேருக்கு இரண்டு. பெண்கள் தரையில் உட்கார்ந்து பசையைத் தடவி வாரையும் அடிப்பாகத்தையும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கால் வைத்ததுமே தித்திப்பாக ஒரு நெடி தொண்டையில் இறங்கியது. பென்சீன் என்று என் மூக்கு சொன்னது. ரத்தத்தை ஊறவிடாமல் செய்கிற விஷம் அது. ஆனால் மூக்கு சொல்வது கோர்ட்டில் ஏறாது. பசையைக் காட்டுங்கள் என்றதும் முதலாளி ஓடிப்போய் எடுத்துவந்த டப்பா புத்தம் புதிது, மூடிகூடத் திறக்காதது. டப்பாவை மாற்றலாம், உள்ளே நிற்கிற காற்றை அந்த நிமிஷத்தில் மாற்ற முடியாதே. குழாயைக் குத்திக்கொள்ள யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் முதலாளி முகத்தைப் பார்த்தார்கள். வெளிறிய முகமாக ஒருத்தி எழுந்து வந்தாள். பெயர் செல்லத்தாய். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

ஆக மூன்று குழாய், ஒரு வெறுங்குழாய். கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்தேன். ஆய்வுக் கருவிக்கு வேண்டிய கேஸ் சிலிண்டர் மெட்ராஸிலிருந்து வர வேண்டியிருந்தது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று புரட்டாசி பிறந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் செல்லத்தாயே என் அறை வாசலில் வந்து நின்றாள். முன்பு பார்த்ததைவிட இளைத்திருந்தாள். முழங்கையில் கன்றிப்போன நீலத் தடங்கள்.

"அக்கா, அந்தக் குழாயி என்ன சொல்லுச்சு?"

"இன்னும் பாக்கல தாயி. கேஸ் வரணும்."

அவள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். கொட்டகையில் மயங்கி விழுந்ததும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். புருஷன் வீடு எழுமலையில். இப்போது வாடிப்பட்டியில் அம்மா வீட்டோடு இருக்கிறாள்.

"எம் மாமியா எனக்குத் தனித்தட்டு, தனி டம்ளருன்னு வச்சுட்டாகக்கா. ஒட்டுவாரொட்டி நோவாம். பொறந்த வீட்டுலருந்தே கொண்டாந்துட்டேனாம். எம் பிள்ள அன்னக்கொடிக்கு அஞ்சு வயசு. அத எங்கிட்ட விட மாட்டேங்குறாக."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ரத்தம் சுண்டிப்போச்சுன்னாரு. வேலை பாத்த எடத்துக் காத்துல அது இருந்துச்சுன்னு ஒரு தாளு கொண்டா, இது ஒட்டுற நோவு இல்லன்னு நான் எழுதித் தாரேன்னாரு. அவரு எழுதிட்டா எம் புருசன் பிள்ளைய விட்டுருவாரு. அம்புட்டுத்தான்க்கா எனக்கு வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

குழாய்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் யாருக்கும் திறக்காத பிரிட்ஜை அவளுக்குத் திறந்து காட்டினேன். தன் பெயர் ஒட்டிய குழாயைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தாள். பத்திரமா இருக்கும்லக்கா என்றாள். என் உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்வேன் என்றேன். பெரிய வார்த்தைதான். வேறு எதற்குக் கொடுக்கப் போகிறேன்?

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு வருஷமும் அலுவலகத்தில் பூஜை நடக்கும். ஜீப்புக்கு மாலை, தராசுக்குப் பொட்டு, டைப்ரைட்டருக்குப் பொட்டு, பொரி கடலை, சூடம், வாசலில் பூசணிக்காய். என் அறையை மட்டும் பூட்டி வைத்துவிடுவேன். அந்த வருஷம் மேலதிகாரி ஒருவர் வருவதாக இருந்ததால் எல்லா அறையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கிருபாகரன் சொல்லிவிட்டார். எனக்கோ திண்டுக்கல்லில் அண்ணன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. சாவியை அட்டெண்டர் சோணையிடம் கொடுத்தேன். சோணைக்கு என் வயதுதான் இருக்கும், வேலையில் சுத்தமான ஆள். "தரைய மட்டும் கூட்டித் தண்ணி போட்டுத் தொடைங்க, வேற எதையும் தொடாதீங்க" என்றேன். அதற்கென்ன மேரிம்மா என்றார்.

அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுத்தார்கள், நன்றாகத்தான் கவனித்தார்கள். படம் எடுக்கும்போது குடும்பத்தோடு நிற்கக் கூப்பிட மறந்துவிட்டார்கள். மறதிதான். நானும் போய் நிற்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்து அறைக் கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அறைந்தது. சாம்பிராணி, சூடம், அவற்றுக்கும் மேலே பெட்ரோல் நெடி. மேஜைமேல் ஒரு வாழையிலை. இலையில் என் நான்கு குழாய்கள், வரிசையாக, ஒவ்வொன்றின் நடுவிலும் பொடிசாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பிரிட்ஜின் கதவில் மூன்று சந்தனக் கீற்று. அதன் வயரைப் பிடுங்கிச் சுருட்டி மேலே வைத்திருந்தது.

சோணை ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மேரிம்மா! இந்த வருசம் ஒங்க ரூமு எப்பிடி இருக்கு பாத்தீகளா?"

"பிரிட்ஜ ஏன் அணைச்சீங்க?"

"வருசத்துல ஒருநாளாச்சும் மெசினுக்கு ரெஸ்ட்டு குடுக்கணும்லம்மா."

"ஒருநாளா? இன்னைவரைக்கும் அணைஞ்சுதான கெடக்கு?"

"பூசையில வச்சத விசயதசமி முடியாம எடுக்கக் கூடாதே. அப்பறம் ஆபீஸ் லீவு. இன்னைக்கு நீங்க வந்து ஒங்க கையால எடுக்கட்டும்னு விட்டு வச்சேன்."

"மூடி? மூடிய என்ன பண்ணுனீங்க?"

"அழுக்கா இருந்துச்சும்மா. ஜீப்புலருந்து கொஞ்சூண்டு பெட்ரோல் எடுத்துத் துணியில நனைச்சு, ஒவ்வொண்ணாக் கழட்டித் தொடச்சு மாட்டுனேன். பிரிட்ஜையும் அதுலதான் தொடச்சேன். பளபளன்னு ஆயிருச்சுல்ல?"

பெட்ரோலிலும் பென்சீன் இருக்கிறது. எதைத் தேடி அந்தக் குழாய்களைக் காத்துவந்தேனோ, அதையே எடுத்து மூடிகளில் தடவியிருக்கிறார் மனுஷர். என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சோணை கையில் இருந்த பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"எல்லா ரூமுக்கும் பொட்டு வைக்கிறோம். ஒங்க ரூமு மட்டும் வருசா வருசம் மொட்டையா நிக்குது. நீங்க வேதக்காரக, கேக்க மாட்டீக. எனக்குத்தான் மனசு கேக்கல" என்றார்.

பொட்டலத்தில் பொரி இருந்தது. எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் கத்தவும் முடியவில்லை. அந்தக் கட்டடத்தில் என் அறை தனியாக நிற்கிறதே என்று வருத்தப்பட ஒரு ஜீவன் இருந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கு இப்படியா தெரிய வேண்டும்? பொரியை வாங்கிக்கொண்டு, போங்க என்றேன்.

அடுத்த வாரம் சிலிண்டர் வந்து சேர்ந்தது. முதலில் வெறுங்குழாயைத்தான் ஆய்வு செய்தேன். கருவியின் முள், தாளில் நேர்கோடாகப் போய்க்கொண்டே இருந்து, பென்சீன் வரும் இடத்தில் மலைபோல் எழும்பியது. மற்ற மூன்றும் அப்படியே. கொட்டகையில் இருந்து வந்தது எவ்வளவு, பெட்ரோலில் இருந்து வந்தது எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

கிருபாகரன் தாள்களைப் பார்த்துவிட்டு, "வெறுங்குழாயை விட்டுரு மேரி. மத்த மூணை மட்டும் எழுதிக் குடுத்துரு. அங்க பென்சீன் இருக்குன்னு உனக்கே தெரியும்தானே" என்றார்.

தெரியும். அதுதான் சோதனை. அன்று முழுக்க அந்த யோசனையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எழுதினால் ஒரு பிள்ளை தாயிடம் போய்ச் சேரும். ஆனால் கொட்டகைக்காரனின் வக்கீல் முதலில் கேட்பதே வெறுங்குழாயைத்தான். அங்கே பொய் என்று ஆகிவிட்டால், பிறகு செல்லத்தாய் எந்தத் தாளைக் கொண்டுபோனாலும் எழுமலையில் யாரும் நம்ப மாட்டார்கள். முடியாது சார் என்றேன். பிரிட்ஜைத் துடைத்தது யார் என்று கேட்டார். அறைக்குப் பொறுப்பு நான் என்று மட்டும் சொன்னேன்.

வாடிப்பட்டிக்கு நானே போய்ச் சொன்னேன். செல்லத்தாய் கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பொட்டு வைத்ததைச் சொன்னபோது மட்டும் ஒரு கணம் முகம் மலர்ந்தது.

"எம் பேரு ஒட்டுனதையுமா சாமி முன்னால வச்சாக?"

"ஆமா."

பிறகுதான் மற்றது அவளுக்கு உறைத்தது. "அப்ப தாளு இல்லையாக்கா?" என்றாள். இல்லை என்றேன். அவள் அழவில்லை. கட்டில் கயிற்றை நிரடியபடி கேட்டாள்.

"இன்னொரு குழாயி இருக்கா?"

உடைக்காத புதுக் குழாய்கள் தப்பியிருந்தன. இருக்கிறது என்றேன். அப்புறம்தான் அவள் ஏன் கேட்கிறாள் என்று புரிந்தது.

"தீவாளிக்குச் செருப்பு போகணும்னு ஆளு பத்தாம அலையுறான் அந்த மொதலாளி. இனிமே குழாயி குத்த மாட்டேன்னு சொல்லி நான் வாரேன்னா எடுத்துக்குவான். நீங்க முன்ன மாரி சொல்லாம வாங்க."

"கூடாது. உன் ஒடம்பு தாங்காது. வேற யார்கிட்டயாவது குத்திக்கிறேன்."

"வேற யாரு குத்த விடுவா? முன்ன குத்துன ரெண்டு பேத்தையும் வேலைய விட்டு நிப்பாட்டிட்டான்."

கூடவே கூடாது என்று அதட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது என் அதட்டல் எனக்கே வெறும் சத்தமாகத்தான் இருந்தது. அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

ஐப்பசி பிறந்த சில நாளில் சோணை என் அறைக்கு வெளியிலேயே நின்று செய்தி சொன்னார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் உள்ளே வருவதில்லை. முன்பு ஆபீசுக்கு வந்திருந்த செல்லத்தாயை பஸ் ஸ்டாண்டில் பார்த்தாராம். கொட்டகைக்குப் போகிறாளாம். "அக்காவ வரச் சொல்லுங்க, நான் உள்ளதான் இருக்கேன்னு சொல்லச் சொன்னா" என்றார். கிருபாகரனைக் கிளப்பிக்கொண்டு அந்த நிமிஷமே ஜீப்பில் ஏறினேன்.

அவள் கொட்டகையின் மூலையில், காற்றே வராத இடத்தில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்துக் கிடந்தது. குழாயைக் குத்தி, பம்பை மாட்டினேன். ஒரு மணி நேரம் ஓடினால் போதும். அதற்குள் முதலாளி கத்திக்கொண்டு வந்துவிட்டான். அவனோடு மல்லுக்கு நிற்பதிலும், ஜன்னலைத் திறக்க ஓடிய ஆளைத் தடுப்பதிலும் எனக்கு நேரம் போய்விட்டது. முடிந்ததும் குழாயை மூடி, அவளையும் கையோடு ஜீப்பில் ஏற்றி வாடிப்பட்டியில் விட்டேன். வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தாள்.

குழாயை அன்றே ஆய்வு செய்தேன். வெறுங்குழாய் சுத்தமாக வந்தது. செல்லத்தாயின் குழாயில் மலை எழும்பியது. அறிக்கை போயிற்று, பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தார். கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் செல்லத்தாய் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அன்னக்கொடி. எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை, புதுப் பாவாடை. தாயின் கையில் நீலத் தடங்கள் இன்னும் இருந்தன. மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் ஏற்றிக்கொள்ள வர வேண்டுமாம். எத்தனை மாசத்துக்கு என்று டாக்டர் சொல்லவில்லையாம்.

"இப்ப ஒரே தட்டுலதான்க்கா நானும் எம் பிள்ளையும் திங்கிறோம்" என்று சிரித்தாள். பிள்ளை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. நல்லபடியா முடிஞ்சது என்றேன்.

"முடியாம? நான் அந்த ஒரு மணி நேரமும் விடாம நல்லா இழுத்தேன்லக்கா. பசைச் சட்டிக்கு மேலயே குனிஞ்சு, நெஞ்சு நெறைய இழுத்து இழுத்து விட்டேன். மொத தடவ வந்தீகளே, அன்னைக்கும் சாயங்காலம் வரைக்கும் அப்பிடித்தான் இழுத்தேன். அந்தப் பம்பு மட்டும் இழுத்தா எம்புட்டு ஏறப்போகுது?"

அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. பிள்ளையைத் தானே மீட்ட பெருமை. உன் மூச்சு ஒரு துளிகூடக் குழாய்க்குள் போகவில்லை, அதற்கு இழுத்தது பம்புதான், நீ இழுத்ததெல்லாம் உனக்குள்தான் போயிற்று என்று நான் எப்படிச் சொல்வேன்?

"ஆமா தாயி. நீ இழுத்ததுனாலதான் வந்துச்சு" என்றேன்.

போயிட்டு வாரோம்க்கா என்று இரண்டு பேரும் படியிறங்கினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே சோணை, என்னாச்சு மேரிம்மா என்று இரண்டு தடவை கேட்டார். முதல் தடவைக் குழாய்கள் கெடாமல் இருந்திருந்தால் அவள் இரண்டாவது தடவை போயிருக்க வேண்டியதே இல்லை. அந்த மனுஷரிடம் அதை எப்படிச் சொல்வது? ஒண்ணுமில்ல சோணை, நீங்க போங்க என்றேன்.